பத்து செகண்டுல என்னத்த அழுகிறது

வெறும் கேம்தானேன்னு லேசாச் சொல்லிட்ட தாயி. சொல்லிட்டு முறுக்கையும் கடிச்சுக்கிட்ட. கேம்ல செத்தது சாவு இல்லேன்னா, கேம்ல நான் ஆடினது மட்டும் எப்படி ஆட்டமாகும்? அத எங்க சம்பந்திகிட்டப் போய்ச் சொல்லு. அருப்புக்கோட்டை இந்தா இருக்கு, பஸ்ஸுல முக்கா மணி நேரம். சொல்லிட்டு முழுசாத் திரும்பி வந்தேன்னா நீ சொல்றத நான் ஒத்துக்கிறேன்.

இரு, இரு. உனக்கு ஒண்ணும் புரியல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீ மெட்ராஸ்ல இருந்து அந்த கேம் கம்பெனி அனுப்பி வந்திருக்க. நாப்பத்தி ரெண்டு பொம்பளைக ஒரே நாள்ல விளையாட்ட விட்டுட்டாகளே, என்ன காரணம்னு விசாரிக்க வந்திருக்க. நல்ல காரியம். நான் போன்ல பேசி அனுப்பினேனே நாப்பத்தேழு நிமிஷம், அத அங்க யாராவது முழுசாக் கேட்டாகளா? பாதியா? எந்தப் பாதி? மொதப் பாதி பூராவும் என் முட்டி ஆபரேஷனப் பத்தில்ல பேசினேன். விஷயம் ரெண்டாம் பாதியிலதான இருக்கு.

சரி, மணி என்ன? ஒம்பதே முக்காலா. நேரமிருக்கு. எதுக்கு நேரம்னு கேக்காத, வர்ற எடத்துல சொல்றேன்.

என் சம்பந்தி பேரு வேலுத்தாயி. என் மக இந்துமதியைக் கட்டுன மாப்பிள்ளையோட அம்மா. கேம்ல செத்தது அவுகதான். போன வாரத்துக்கு முந்தின செவ்வாக்கிழமை, காலையில பத்தே முக்கால். எமகண்டம் முடிஞ்சு கால் மணி நேரம். வீட்டுல அவுக நல்லா கல்லுக்குண்டு மாதிரிதான் இருக்காக, அதுல ஒரு கொறையும் இல்ல. கேம்லதான் செத்தாக. எங்க வச்சு செத்தாக? என் வீட்டு வாசல்ல. அதான் வெனை.

உங்க பழைய சந்தைமேடு இருந்துச்சே, அது விளையாட்டு. அத உருவாக்குனவன் நல்லாயிருக்கணும். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு கொல்லை, ஒரு கடை. கத்தரி நட்டா ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் காய்க்கும். காலையில நட்டுட்டு, குளிச்சு, சமைச்சு, சாப்புட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா காய் தொங்கும். மனசுக்கு எவ்வளவு நெறைவு தெரியுமா? எங்க தெரு, பின்னாடித் தெரு, அருப்புக்கோட்டையில சம்பந்தி தெருன்னு, என்னையச் சேக்காமலே நாப்பத்தி ரெண்டு பேரு இருந்தாக. கத்தரிக்காய்ச் சங்கம்னு பேரு வச்சோம். தலைவி நாந்தேன். தேர்தல்லாம் இல்ல, பேரு வச்சது நாங்கறதால நானே இருந்துக்கிட்டேன்.

அந்த விளையாட்டாலதான் சம்பந்தியும் நானும் பேசவே ஆரம்பிச்சோம். கல்யாணத்துல என்னாச்சுன்னா, பந்தியில அவுக தம்பிக்கு ரெண்டாம் தடவை பாயசம் வேணுமான்னு எங்காளு யாரும் கேக்கல. மனுசனுக்குச் சக்கரை வியாதி, நாங்க அவரு நல்லதுக்குத்தான் கேக்காம விட்டோம். அதுக்கு ஒன்றரை வருசம் என்கூட மூஞ்சி குடுத்துப் பேசலையே. அப்புறம் ஒரு நாள் சந்தைமேட்டுல என் கடை வாசல்ல வந்து நிக்கிறாக. ‘வரிக்கத்தரி விதை இருக்கா மதினி?’ன்னு எழுத்துல கேக்குறாக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இருக்கு மதினின்னேன். விதைக்குப் பத்துக் காசு சொல்லி, அவுக கொறைக்கச் சொல்லி, நான் மாட்டேன்னு சொல்லி, அவுக போற மாதிரி ரெண்டடி போயி, நான் கூப்பிட்டு, அப்புறம்தான் குடுத்தேன். அப்படித்தான சந்தைன்னா! அன்னையில இருந்து அவுக காலையில எந்திரிச்சதும் மொதல்ல என் கடைக்குத்தான் வருவாக. என் மககிட்டக்கூட பிரியமாயிட்டாக. ‘உங்கம்மா விதை நல்ல விதை’ன்னு சொன்னாகளாம். மருமகளைப் பாத்து மாமியா சொல்ற சொல்லா அது? என் மக போன் போட்டு அழுதா.

இத நல்லா எழுதிக்க. அந்தப் பேனாவ மூடாத.

அப்படி இருந்ததத்தான் நீங்க தூக்கிட்டு, புதுச் சந்தைமேடுன்னு ஒண்ணக் கொண்டாந்து விட்டீக. மொத நாள் தொறந்து பாத்தேன், திக்குன்னு இருந்துச்சு. என் இடுப்பக் காணோம். ஒரு சாண் இடுப்புல ஒருத்தி நிக்கிறா, அவ மேல என் பேரு எழுதியிருக்கு. தனபாக்கியம் விருதுநகர். சேலை கட்டியிருக்கா, ஆனா முந்தானை இல்ல. முந்தானை இல்லாத சேலைய யாரு தாயி நெய்யிறா? கத்தரிக்கா ஆறு செகண்டுல காய்க்குது. நட்டுட்டு நிமிர்றதுக்குள்ள காய்ச்சு, பழுத்து, அழுகிருது. பேரம் கிடையாது, வெல போர்டுல எழுதியிருக்கு, வாங்கு இல்லேன்னா போ. உக்கார முடியாது. நிக்கலாம், ஓடலாம், குதிக்கலாம், உருளலாம். உருளுறதுக்குப் பட்டன் வச்சவனுக்கு உக்காரதுக்கு ஒரு பட்டன் வைக்கத் தோணலையே? எங்க சங்கத்துல பாதிப் பேருக்கு முட்டி வலி. மணிக்கணக்கா நிக்கிறோம். எங்க பொம்மைதான் நிக்குதுன்னு எனக்கும் தெரியும். ஆனா பாக்கப் பாக்க எங்களுக்கு வலிக்குதே.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டோம். கதவுதான் பொறுக்க முடியல. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகணும்னா கதவத் தட்ட வழியே இல்ல. எட்டி ஒதைக்கத்தான் பட்டன் இருக்கு. ஒதைச்சா ஒடைஞ்சு தெறக்கும். எங்க சங்கத்துல கோகிலான்னு ஒருத்தி, தபால் ஆபீஸ்காரரு பொண்டாட்டி, கொஞ்சம் அவசரக்குடுக்கை. மொத நாளே எதுத்த வீட்டுக் கதவ ஒதைச்சு ஒடைச்சுட்டு உள்ள போயி ‘சாப்புட்டீகளா அக்கா?’ன்னு கேட்டிருக்கா. அந்த அக்கா நெசத்துல ஆறு நாள் அவகூடப் பேசல. அப்புறம் நாங்க எல்லாரும் கூடி ஒரு முடிவு பண்ணோம். யாரும் யாரு வீட்டுக் கதவையும் ஒதைக்கக் கூடாது. வெளிய நின்னு காத்திருக்கணும், உள்ள இருக்கவக பாத்துத் தெறக்கணும். அதான மரியாதை?

இப்ப அந்தச் செவ்வாக்கிழமைக்கு வர்றேன்.

அன்னைக்கு நாந்தான் சம்பந்திய வரச் சொன்னேன். என் மகளுக்கு அந்த ஞாயித்துக்கிழமை வளைகாப்பு வச்சிருந்தோம். ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்ச கையோட பிரசவத்துக்குப் புள்ளையக் கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு. எந்தக் கார்ல வர்றது, எத்தனை பேரு வர்றது, அதப் பேசத்தான் கூப்பிட்டேன். போன்ல பேசலாமேன்னு கேக்காத. போன்ல பேசினா அவுக தம்பி பக்கத்துல உக்காந்து ஒட்டுக் கேப்பாரு. பாயசத் தம்பி.

அவுக என் வாசலுக்கு வர்றாக, கையில ஒரு கூடைக் கத்தரிக்கா. அதே நேரம் மேற்க இருந்து அந்தக் கொள்ளைக்காரன் குதிரையில வர்றான். நீங்க புதுசா விட்டீகளே, மீசையும் அருவாளுமா, அவன்தான். நான் கதவச் சாத்திட்டேன். படக்குன்னு சாத்திட்டேன். யாரா இருந்தாலும் சாத்துவாக. சாத்துறதுக்கு முன்னாடி ‘உள்ள வாங்க மதினி’ன்னு கூப்பிட்டேனா இல்லையாங்கிறது இப்ப சரியா ஞாபகம் இல்ல. கூப்பிட்டிருப்பேன். நான் கூப்பிடாம இருக்கிற ஆளு இல்ல.

வெளிய அவுக நிக்கிறாக. ஒரு ஒதை விட்டா கதவு தெறந்திருக்கும், உள்ள வந்திருக்கலாம், உசுரு தப்பியிருக்கும். ஒதைக்கலையே! சம்பந்தி வீட்டுக் கதவ எப்படி ஒதைக்கிறதுன்னு அப்படியே நிக்கிறாக தாயி. மரியாதை. குதிரை சத்தம் கிட்ட வருது, அவுக கூடையப் பிடிச்சுக்கிட்டு கதவப் பாத்தே நிக்கிறாக. நான் உள்ள இருந்து சன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எவ்வளவு பண்பான குடும்பத்துல பொண்ணக் குடுத்திருக்கோம்னு பெருமையா இருந்துச்சு. அவன் வந்தான், ஒரே வெட்டு. போயிட்டாக.

என்ன சிரிக்கிற? சிரிக்காத. எங்க சித்தி ஒருத்தி சாவு வீட்டுல சிரிச்சுத்தான் குடும்பமே ரெண்டாச்சு. அவ வேணும்னு சிரிக்கல, பக்கத்துல இருந்தவ மூக்குத்தி தலைகீழா மாட்டியிருந்தா. அந்தக் கதை பெரிசு, அப்புறம் சொல்றேன்.

கேட்டுக்க. கொள்ளைக்காரன் போனதும் ஓடி வந்து கதவத் தெறந்தேன். பொணம் வாசல்ல கெடக்கு. மேல ஒரு கட்டத்துல பத்து, ஒம்பது, எட்டுன்னு ஓடுது. பத்து செகண்டுல எந்திரிச்சு ஊர் எல்லையில போய் நின்னுருவாகளாம். எந்த ஊருல தாயி இப்படி? பத்து செகண்டுல என்னத்த அழுகிறது? ஒரு சாவு விழுந்தா மொதல்ல வாயப் பொத்திக்கிட்டு நிக்கவே பத்து செகண்டு வேணும். அப்புறம் தலமுடிய அவுக்கணும், மாரடிக்கணும், கட்டிப்பிடிக்கணும், பழசெல்லாம் சொல்லி அழணும். எங்க மாமியார் செத்தப்ப நான் தொடர்ந்து மூணு மணி நேரம் அழுதவ. அவுகளப் பிடிக்காமயே மூணு மணி நேரம்.

அதுல அஞ்சு செகண்டு காய் பொறுக்கப் போயிருச்சு. கூடை கொட்டிக் கெடந்துச்சு, பாத்துக்க. கத்தரி, பூசணி, ஒரு வெள்ளிச் செம்பு. வேற யாராவது எடுத்துட்டுப் போயிரக் கூடாதேன்னு எடுத்து உள்ள வச்சேன். பத்திரமாத்தான் இருக்கு. இல்ல, இன்னும் குடுக்கல. கேட்டாத்தான குடுக்க முடியும்? கேக்காம கொண்டு போயி நீட்டுனா, எடுத்தவன்னு ஆயிராதா?

மிச்சம் அஞ்சு செகண்டு. அழறதுக்குப் பட்டன் தேடுறேன். ஆறு படம் வச்சிருக்கீக. கை ஆட்டுறது, கை தட்டுறது, குதிக்கிறது, சிரிக்கிறது, கட்டை விரலத் தூக்குறது. ஆறாவது ஒரு பொம்பள ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சிருக்கா. அப்பாடா, மாரடிக்கிறா, இதுதான்னு அமுக்குனேன்.

அது ஜெயிச்சவக ஆடுற ஆட்டமாம்.

தவிலும் நாயனமும் எங்க இருந்தோ கெளம்புது. மேல இருந்து பூ கொட்டுது. நான் இடுப்ப ஆட்டுறேன், அந்த ஒரு சாண் இடுப்ப. ஒரு காலத் தூக்கிச் சுத்துறேன். எந்தப் பட்டன அமுக்கினாலும் நிக்கல. ஆடி முடிச்சாத்தான் நிக்குமாம். கீழ என் சம்பந்தி கண்ணத் தொறந்தபடிக்குப் படுத்துக் கெடக்காக. நான் அவுக மேல ஏறி ஆடிக்கிட்டிருக்கேன். ‘தனபாக்கியம் விருதுநகர் வெற்றி!’ன்னு எழுத்து வேற ஓடுது. சங்கத்துல முப்பத்தி எட்டு பேரு பாத்தாக. மிச்சம் நாலு பேருக்கு கோகிலா போன் போட்டுச் சொன்னா.

இப்பச் சொல்லு. இது என் தப்பா, செஞ்சவன் தப்பா?

மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போனேன், துக்கம் கேக்க. போறப்பவே குழப்பம். துக்க வீட்டுக்கு வெறுங்கையோட போகணும். வளைகாப்பு வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது. அதனால பூவும் பழமும் வாங்கி, பஸ் ஸ்டாண்டுலயே ஒரு பழக்கடையில குடுத்து வச்சுட்டுப் போனேன். உள்ள போனதும் பேசாம உக்காந்து முந்தானைய வாயில வச்சு அழுதேன். நெசமாவே அழுதேன். அவுக எதுத்தாப்புல உக்காந்து காப்பி ஆத்துறாக. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, ‘என்னக்கா, யாரு தவறிட்டா?’ன்னு கேட்டா. ‘நாந்தேன்’னாக சம்பந்தி, காப்பிய ஆத்திக்கிட்டே. ‘நான் செத்ததுக்கு நேத்து ஆடினாக, இன்னைக்கு அழுகுறாக.’

நான் சொன்னேன், ‘மதினி, நீங்க சாகலையே, நல்லாத்தான இருக்கீக?’ ‘அப்ப எதுக்கு அழுகுறீக?’ன்னாக. ‘நீங்க செத்ததுக்கு மதினி.’ ‘செத்தவ மேல எதுக்கு ஆடினீக?’ன்னாக. எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கிறேன். பாயசத் தம்பி உள்ள இருந்து சிரிக்கிறாரு.

ஞாயித்துக்கிழமை வளைகாப்பு நல்லாத்தான் நடந்துச்சு. ஏழு வகை சோறு, கண்ணாடி வளையல், எல்லாம். என் மக கைய நீட்டிக்கிட்டு என்னையவே பாக்குறா. எல்லாம் முடிஞ்சு, கார் வாசல்ல நிக்குது, புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புறோம்னு சொன்னேன். அவுக நிதானமாச் சொன்னாக. ‘என் பொணத்து மேல ஆடினவுக வீட்டுக்கு நான் மருமகள அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கேயே பாத்துக்கிறோம்.’

தாயி, தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வராம எந்தப் பொண்ணு பெத்தா? நான் வெறும் கார்ல திரும்பினேன். அவளுக்குன்னு பின் சீட்டுல தலையணை போட்டு வச்சிருந்தேன். டிரைவர் தம்பி அத எடுத்து முன்னாடி வச்சுக்கிறவான்னு கேட்டாரு. கிடக்கட்டும்னேன். அந்தத் தலையணையப் பாத்துக்கிட்டே வந்தேன்.

சரி, மூக்க உறிஞ்சாத, முறுக்கு எடுத்துக்க. இந்த முறுக்கு என் மருமக ரேணுகா சுட்டது. உப்பு கம்மியா இருக்கும், சொன்னாக் கோவிச்சுக்குவா. பேச்சு வேற பக்கம் போயிருச்சு, எங்க விட்டேன்? ஆங், கார்.

துக்கம் கேக்குறது லேசுப்பட்ட விஷயம் இல்ல, அது உனக்குத் தெரியாது, மெட்ராஸ்காரி. எங்க பெரிய மாமா, அவரு சம்சாரம் செத்ததுக்குத் தம்பி துக்கம் கேக்க வரலைன்னு பதினெட்டு வருசம் தம்பி வீட்டுத் தண்ணி குடிக்கல. தம்பி ஏன் வரலைன்னா, அன்னைக்குக் காலையில அவரும் செத்துப் போயிட்டாரு. மாமாகிட்ட எல்லாரும் எடுத்துச் சொன்னாக. ‘ஆள விட்டாவது சொல்லியனுப்பியிருக்கலாம்ல’ன்னாரு. கடைசி வரைக்கும் குடிக்கல. அப்படிப்பட்ட ரத்தம் எங்க பக்கம். அவுக பக்கமும் அதே ரத்தம்தான், அதனாலதான் சம்பந்தமே வச்சோம்.

அப்புறம்தான் சம்பந்தியோட பெரியண்ணன் ராமசுப்பு ஒரு வழி சொன்னாரு. வெவரமான மனுசன், கூட்டுறவு சங்கத்துல இருந்தவரு. ‘ரெண்டு பேருல ஒருத்தி செத்து ஒருத்தி ஆடினதாலதான் பிரச்சினை. இன்னொருத்தியும் சாகட்டும். இவ போய் மொறையா துக்கம் கேக்கட்டும். கணக்கு நேராயிரும், மருமகள அனுப்பிரலாம்’னாரு. எனக்கும் அது ஞாயமாப் பட்டுச்சு.

சாகலாம்னு பாத்தா, சாக முடியல! சங்கத்துல எல்லாரும் என் பக்கமும் அவுக பக்கமுமாப் பிரிஞ்சு விளையாட்ட விட்டுட்டுப் போயிட்டாக. ஆளில்லாத சந்தைக்குக் கொள்ளைக்காரன் வர மாட்டானாம். நாலு நாளா நடு ரோட்டுல கூடை நெறையக் காயோட நிக்கிறேன், ஒருத்தனும் வெட்ட மாட்டேங்கிறான். கெணத்துல குதிச்சேன், மூச்சுப் பிடிச்சு நீந்துது அந்தப் பொம்மை. எனக்கு நீச்சலே தெரியாது. அப்படியே செத்தாலும் பத்து செகண்டு. சம்பந்தி செருப்பு மாட்டுறதுக்குள்ள நான் எந்திரிச்சிருவேனே!

அதனாலதான் உன்ன வரச் சொன்னது. ஆமா, நான்தான் வரச் சொன்னேன். நீங்களா வந்தீகன்னு நெனைக்கிற. ரெண்டாம் பாதியில அதத்தான பேசியிருந்தேன்.

இப்ப நீ உங்க ஆபீஸுக்குப் போன் போட்டு, என்னக் கொல்லச் சொல்லு. வெட்டிக் கொல்லணும்னு இல்ல, சும்மா படுக்க வச்சாப் போதும். ஆனா ஒன்றரை மணி நேரம் எந்திரிக்கக் கூடாது, அப்படியே போட்டு வைக்கணும். முகம் கெழக்கப் பாத்து, கூந்தல் கலையாம. பத்தே முக்காலுக்குச் சாகணும். நேத்தே சம்பந்திகிட்டச் சொல்லிட்டேன், பத்தே முக்காலுக்குச் செத்துருவேன், நீங்க பதினோரு மணிக்கு வந்தாச் சரியா இருக்கும்னு. அவுக பஸ் ஏறியிருப்பாக. இப்ப மணி என்ன? பத்து முப்பத்தஞ்சு. பாத்தியா, உன் பேச்சக் கேட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். போடு, போடு.

என்ன சொல்றாக? அப்படிச் செய்ய வழி இல்லையாமா? உன் மேலதிகாரிகிட்டக் குடு. குடுன்னா குடு. வணக்கம் தம்பி. நான் தனபாக்கியம், விருதுநகர். நாப்பத்தி ரெண்டு பேரும் திரும்பி வரணுமா வேணாமா? வரணும். அப்ப என்னைக் கொல்லுங்க. ஒன்றரை மணி நேரம். ஆமா தம்பி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். பெத்த தாய்கிட்டக் கேக்குறீகளா? எதுக்கு அவுகளக் கேக்கணும்? ஓ, நான் பெத்தவுககிட்டயா. மகன் வேலைக்குப் போயிருக்கான், மருமக இருக்கா. ரேணுகா! நான் சாகுறதுல உனக்கு ஆட்சேபணை உண்டா? இல்லேங்கிறா தம்பி. ரொம்ப வெரசாச் சொல்லிட்டா.

ஆச்சா? எங்க, போனக் காட்டு. ஆத்தி, படுத்துட்டேன். நல்லா இருக்கேனே! கெழக்கப் பாத்துத்தான் இருக்கேன். மேல என்ன ஓடுது? எண்பத்தொம்பது, அம்பத்தெட்டு. நிமிஷக் கணக்கு. பெரிய மனுசி சாவு மாதிரி இருக்கு. அந்த ஸ்டூலு மேல சாச்சு வையி, வாறவுக கண்ணுல படணும். நீ இந்தப் பக்கம் உக்காரு, முறுக்குத் தட்ட எடுத்துரு, சாவு வீட்டுல முறுக்கா?

இந்தா ஆட்டோச் சத்தம். தாயி, ஒண்ணு சொல்றேன், ‘வாங்க’ன்னு வாய் தவறிச் சொல்லிராத. துக்கத்துக்கு வர்றவுகள வாங்கன்னு கூப்பிடக் கூடாது. பேசாம உக்காரு.

வந்துட்டாக. செருப்ப வெளிய விட்டாக. முடிய அவுத்துவிட்டாக, பாரு. முன்னேற்பாடா வந்திருக்காக. போனப் பாத்தாக. என்னைப் பாத்தாக. எங்க பக்கத்துல உக்காந்து என்னக் கட்டிப்பிடிச்சு...

வாசக் கதவடைச்ச மகராசி, நீங்க
வாய் அடைச்சுக் கெடக்குறது அடுக்குமா?
கொட்டுன காயெல்லாம் கொண்டுபோன தாயே, நான்
கூப்பிட்ட கொரலுக்கு வருவீகளா?
வெள்ளிச் செம்பெடுத்து வச்சுக்கிட்டீக, அதுல
வெந்நி குடிக்காமப் போனீகளே!

கேட்டியா தாயி, மெதுவாச் சொல்றேன், என்ன கொரலு! எதையும் மறக்காமச் சொல்றாக பாரு. கதவு, காய், செம்பு, எல்லாத்தையும் எடுத்து எடுத்துச் சொல்லி அழுகுறாக. இவ்வளவு பாசம் வச்சிருக்காகளே என் மேல. நெஞ்சுல அடிக்கிறாக. என் நெஞ்சுலதான் அடிக்கிறாக, கொஞ்சம் பலமாத்தான். இருக்கட்டும், துக்கத்துல அப்படித்தான்.

அழாதீக மதினி. போதும் மதினி. நான் போயிச் சேர்ந்துட்டேன், நீங்க மனசத் தேத்திக்கோங்க. என்ன? ஆமா மதினி, கதவு என் தப்புத்தேன். தெறந்து விட்டிருக்கணும். நீங்க ஒதைக்காம நின்னீகளே, அத நெனைச்சா இப்பவும்... சரி, அழாதீக. செம்பு உள்ளதான் இருக்கு, எந்திரிச்சதும் மொத வேலை அதுதான். ரெண்டு பேருக்கும் நேராச்சா? நேராச்சுங்கிறாக தாயி! எழுதிக்க!

இந்து எப்படி இருக்கா மதினி? எப்ப அனுப்புறீக?

எங்க? ஆட்டோவுலயா? கூட்டிட்டே வந்துட்டீகளா? அப்ப ஏன் உள்ள வரல? ஆங்... சாவு வீட்டுக்குள்ள மாசமா இருக்கவ வரக் கூடாது. சரிதான். மொறைன்னா மொறைதான், நீங்க சொன்னதுல தப்பில்ல மதினி. சாவு வீடுதான இது.

ஐயோ, இந்த வெயில்ல ஆட்டோவுக்குள்ளயா உக்காந்திருக்கா? தாயி, என்னை எழுப்பு. சீக்கிரம் எழுப்பச் சொல்லு. வயித்துப் புள்ளக்காரி வேகுறா வெளிய. என்னது, முடியாதா? இன்னும் எழுபத்தொம்பது நிமிஷமா? ஆரம்பிச்சா நிறுத்த முடியாதா? என்ன விளையாட்டு பண்ணி வச்சிருக்கீக நீங்க? செத்தவ பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சு வர வேணாமா? வீட்டுல ஆயிரம் வேலை கெடக்குமே, இப்படியா ஒருத்தியப் போட்டு வைக்கிறது? இதக் கேக்க ஆளில்லையா? இத மொதல்ல எழுது, பெரிய எழுத்துல எழுது.

மதினி, ஒரு ரோசனை. பொணம் போனுக்குள்ளதான இருக்கு? போன எடுத்துட்டா வீடு சுத்தம்தான? தலைய ஆட்டுறாக. சரிங்கிறாக! தாயி, நீ எந்திரி. அந்தப் போன எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த வேப்ப மரத்தடிக்குப் போயிரு. ஆமா, என்னத் தூக்கிட்டுப் போ. நேராத் தூக்கு, தல முன்னாடி வராமக் காலு முன்னாடி வரட்டும். எழுபத்தெட்டு நிமிஷம் அங்கேயே நில்லு, கம்பெனி சம்பளம் குடுக்குதுல்ல. திரும்பிப் பாக்காமப் போ.

ரேணுகா! ஏ ரேணுகா! வாசல்ல மூணு சொம்பு தண்ணி ஊத்திவிட்டுட்டு, கைய நல்லாத் தொடச்சுட்டு ஆட்டோவுக்குப் போ. புள்ளைக்குக் கால் வீங்கியிருக்கும், மெதுவா எறக்கு. பைய அவளத் தூக்க விடாத. அந்தப் பையையும் அவளையும் உள்ள கொண்டா!